230/460 வோல்ட், ஒன்பது வயர் மோட்டார்: நம் 415 லைனில் எப்படிக் கட்டுவது?

கணபதி லேத்:

வணக்கம். கோவை கணபதியில் சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பழைய அமெரிக்க டரட் மில்லிங் மெஷின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டேபிள், ஸ்பிண்டில், லீட் ஸ்க்ரூ எல்லாம் பார்த்துவிட்டேன், திருப்தியாக இருக்கிறது. மோட்டாரில்தான் நிற்கிறேன்.

நேம் பிளேட்டில் உள்ளது இதுதான்: 3 ஹெச்பி, 3 ஃபேஸ், 230/460 வோல்ட், 8.4/4.2 ஆம்பியர், 60 ஹெர்ட்ஸ், 1740 ஆர்பிஎம், சர்வீஸ் ஃபேக்டர் 1.15.

டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் நம் ஊர் மோட்டாரில் இருப்பதுபோல ஆறு போல்ட்டும் லிங்க் பட்டையும் இல்லை. ஒன்பது வயர் வெளியே வருகிறது. ஒவ்வொன்றிலும் எண் அச்சடித்திருக்கிறது. 1, 2, 3, 4, 6, 7, 9 தெளிவாகத் தெரிகிறது. மீதி இரண்டில் எழுத்து அழிந்துவிட்டது. கணக்குப்படி அவை 5-ம் 8-ம்தான், ஆனால் எது எது என்று தெரியவில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன், ஸ்டாரா டெல்டாவா என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்கிறார். பக்கத்து ஷெட்டில் ஒருவர், 3 ஹெச்பிதானே, ஸ்டாரில் போட்டு ஓட்டுங்கள் என்கிறார். 460 வோல்ட் மோட்டாருக்கு 415 கொடுத்தால் வோல்டேஜ் குறைந்து ஆம்பியர் ஏறும் என்று இன்னொரு பயம். ஓட்டின பிறகு எத்தனை ஆம்பியர் காட்டினால் சரி, ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை எதில் வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பின்னிங் மெயின்டனன்ஸ்:

எந்த வோல்டேஜில் கட்டினாலும் முதலில் மெக்கர் (இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) போடுங்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து கோடவுனில் கிடந்த மோட்டார் ஈரம் குடித்திருக்கும். 500 வோல்ட் மெக்கரில் வயருக்கும் பாடிக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓமாவது வர வேண்டும். அதற்குக் கீழே வந்தால் கரண்ட் கொடுக்காதீர்கள், சூடு காட்டி உலர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். பாடிக்கு இரண்டு எர்த் தனித்தனியாக இழுங்கள். ஒன்பது வயர் விஷயத்தைக் காயில் கட்டுகிறவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

காயில்கடை:

தம்பி, ஸ்டாரா டெல்டாவா என்ற கவலையை இறக்கி வையுங்கள். நீங்கள் கட்டப்போகும் இணைப்புக்கு அது தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊர் மோட்டாரில் ஒரு ஃபேஸுக்கு ஒரு செட் காயில், இரண்டு முனை. மூன்று ஃபேஸுக்கு ஆறு முனை வெளியே வரும். லிங்க் பட்டையை மாற்றி ஸ்டார் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்ப்பது), டெல்டா (ஒரு காயிலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தில் சேர்த்து முக்கோணமாகக் கட்டுவது) என்று இரண்டு வோல்டேஜுக்கு மாற்றுவோம். அதனால் அந்த இரண்டு வோல்டேஜுக்கும் நடுவே 1.73 மடங்கு வித்தியாசம் இருக்கும்: 230/400, 240/415, 400/690. அமெரிக்கக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு ஃபேஸையும் சரிபாதியாக இரண்டு செட்டாகச் சுற்றியிருப்பார்கள். இரண்டு செட்டையும் பேரலலாக மாட்டினால் 230, சீரிஸாக மாட்டினால் 460. பிளேட்டில் சரியாக இரண்டு மடங்கு இருப்பதே அதற்குச் சாட்சி. ஆறு செட்டுக்கு மொத்தம் பன்னிரண்டு முனை. ஸ்டார் மோட்டாராக இருந்தால் அதில் மூன்றை உள்ளேயே சேர்த்து முடிந்திருப்பார்கள். டெல்டாவாக இருந்தால் இரண்டிரண்டாக மூன்று இடத்தில் சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் வெளியே வருவது ஒன்பது.

உங்கள் 415-க்கு 460 பக்கம்தான் கட்ட வேண்டும். 4-ஐயும் 7-ஐயும் சேர்த்து ஒரு முடிச்சு, 5-ம் 8-ம் ஒரு முடிச்சு, 6-ம் 9-ம் ஒரு முடிச்சு. லைன் மூன்றும் 1, 2, 3-க்கு. உள்ளே ஸ்டாராக இருந்தாலும் டெல்டாவாக இருந்தாலும் பெரிய வோல்டேஜுக்கு இதே இணைப்புதான். சின்ன வோல்டேஜுக்குப் போனால்தான் இரண்டும் பிரியும். அங்கே ஸ்டாருக்கு 1-7, 2-8, 3-9 லைனிலும் 4-5-6 ஒன்றாகவும் வரும். டெல்டாவுக்கு 1-6-7, 2-4-8, 3-5-9. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும் சொல்கிறேன். 415-ல் இப்படிக் கட்டிவிட்டால் ஒவ்வொரு செட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வோல்டேஜ் போய் மோட்டார் உறுமும், எம்சிபி விழும். விழாவிட்டால் என் போன்றவர்களிடம்தான் வந்து சேரும்.

இப்போது எண் அழிந்த இரண்டு வயர். மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வையுங்கள், எந்த வயரும் எதையும் தொடாமல் விரித்து வையுங்கள். 2-ல் ஒரு முனை வைத்து அழிந்த இரண்டையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வருவது 5. மீதி 8. அவ்வளவுதான், ஆனால் மீதியையும் சரிபார்த்துவிடுங்கள். அந்த 8, 7-க்கும் 9-க்கும் சத்தம் கொடுத்தால் மோட்டார் உள்ளே ஸ்டார் (1-4, 2-5, 3-6 என்று மூன்று ஜோடி, 7-8-9 ஒரு கூட்டு). 8 போய் 3-க்கும் 6-க்கும் சத்தம் கொடுத்தால் டெல்டா (1-4-9, 2-5-7, 3-6-8 என்று மூன்று கூட்டு). இந்த இரண்டு வகையிலும் அடங்காமல் எங்காவது கூடுதலாகச் சத்தம் வந்தால், அல்லது வரவேண்டிய இடத்தில் வராவிட்டால், கரண்ட் கொடுக்காதீர்கள். யாரோ முன்பே பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

460-க்கு 415 குறைவு என்று பயப்படுகிறீர்கள். விஷயம் அதற்கு நேர்மாறு. 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50-ல் ஓட்டுகிறோம். இரும்புக்குள் எவ்வளவு காந்தம் ஏறும் என்பதை வோல்டேஜ் மட்டும் தீர்மானிப்பதில்லை, வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் எண் தீர்மானிக்கிறது. 460-ஐ 60-ஆல் வகுத்தால் 7.67. 415-ஐ 50-ஆல் வகுத்தால் 8.3. ஆக உங்கள் மோட்டாருக்கு 8 சதவீதம் அதிகமாகவே காந்தம் ஏறுகிறது. 380 வோல்ட் லைனாக இருந்தால் 7.6, அச்சாகப் பொருந்தியிருக்கும். நமக்கு 415, அதுவும் ராத்திரி மற்ற ஷெட்டுகள் நின்ற பிறகு 430-க்கு மேல் போகிற லைன். அதனால் லோடு இல்லாமல் ஓடும்போதே ஆம்பியர் கொஞ்சம் கூடக் காட்டும், மோட்டாரும் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்.

வேகம் 1740 வராது, 1440 பக்கம் வரும். மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்பீடு சார்ட்டில் எல்லா எண்ணையும் ஆறில் ஐந்து பங்காகக் குறைத்துப் படியுங்கள். பவரும் அதே கணக்குதான்: 3 ஹெச்பி என்பதை 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும் என்பதால் சர்வீஸ் ஃபேக்டர் 1.15-ஐ, அதாவது 15 சதவீதம் கூடுதல் லோடு தாங்கும் என்பதை, மறந்துவிடுங்கள். அது 60 ஹெர்ட்ஸ் காற்றுக்குக் கொடுத்த சலுகை.

ரிலேயை 4.2-ல் வையுங்கள், ஏற்ற வேண்டாம். அந்தக் கம்பியின் தடிமனுக்குத் தாங்கக்கூடிய ஆம்பியர் அது. வோல்டேஜ் என்னவாக இருந்தாலும் கம்பி மாறுவதில்லை.

முடிச்சுகளை வெறும் முறுக்கு முறுக்கி டேப் சுற்றாதீர்கள். லக் அடித்து, சின்ன போல்ட் நட்டு வாஷர் போட்டு இறுக்கி, மேலே ஸ்லீவ் ஏற்றிக் கட்டுங்கள். மெஷின் அதிர்கிற அதிர்வில் முறுக்கிய வயர் தளர்ந்தால் அந்த ஒரு முடிச்சாலேயே ஒரு ஃபேஸ் போய்விடும்.

மெயினை இறக்கி, மீட்டர் வைத்து வயரில் கரண்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கட்டினதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். மூன்று லைனுக்கு நடுவே வோல்டேஜ், மூன்று வயரிலும் ஆம்பியர், இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து எழுதி இங்கே போடுங்கள். ஆம்பியர் மட்டும் போட்டால் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்பின்னிங் மெயின்டனன்ஸ்:

டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) பிடிக்கும்போது ஒரு வாய்க்குள் ஒரு வயர்தான் இருக்க வேண்டும். கேபிளை மொத்தமாகக் கவ்வினால் மூன்றும் கழிந்து பூஜ்யம்தான் காட்டும். 2, 3 ஆம்பியர் மாதிரி சின்ன அளவுக்கு 400 ஆம்பியர் டெஸ்டர் துல்லியமாக இருக்காது. வயர் நீளம் இருந்தால் வாய்க்குள் ஐந்து சுற்று சுற்றிவிட்டு, காட்டுவதை ஐந்தால் வகுங்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஆறேழு மடங்கு காட்டிவிட்டு இறங்கும், அதை எழுத வேண்டாம்.

கணபதி லேத்:

அண்ணா, மிக்க நன்றி. மெக்கர் 20 மெகா ஓமுக்கு மேல். 2-க்குச் சத்தம் கொடுத்த வயரை 5 என்று குறித்தேன், இன்னொன்று 7-க்கும் 9-க்கும் சத்தம் கொடுத்தது, ஆக உள்ளே ஸ்டார். லக் அடித்துக் கட்டி, பெல்ட் இல்லாமல் ஓட்டினோம். சத்தம் சீராகத்தான் இருக்கிறது. அளவுகள் (ஆர், ஒய், பி என்பது மூன்று ஃபேஸ்):

ஆர்-ஒய் 421, ஒய்-பி 418, பி-ஆர் 403.
ஆர் 2.3 ஆம்பியர், ஒய் 3.1, பி 2.2.

ஒய்-யில் மட்டும் 3.1 வருகிறதே, காயிலில் ஷார்ட் இருக்குமா? எலக்ட்ரீஷியன் ரீவைண்டிங் என்கிறார்.

காயில்கடை:

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். இப்படி வந்த மோட்டார்களில் நல்ல காயிலை வெட்டி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

உங்கள் வோல்டேஜ் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 414. அதிலிருந்து மிக அதிகமாக விலகி நிற்பது 403, விலகல் 11. 11-ஐ 414-ஆல் வகுத்தால் 2.7 சதவீதம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் மோட்டாரில் வோல்டேஜ் 1 சதவீதம் கோணினால் ஆம்பியர் 6 முதல் 10 சதவீதம் வரை கோணும். உங்கள் ஆம்பியரின் சராசரி 2.53, ஒய் அதிலிருந்து விலகுவது 0.57, அதாவது 22 சதவீதம். 2.7-ஐ 8-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 22-க்குப் பக்கத்தில் வருகிறது. கூடவே, வோல்டேஜ் அதிகமாக இருக்கும் இரண்டு அளவிலும், அதாவது 421-லும் 418-லும், ஒய் இருக்கிறது. ஆம்பியர் கூடுவதும் ஒய்-யில்தான். எனக்கு இது லைன் கோளாறாகத்தான் தெரிகிறது.

உறுதி செய்ய ஒரு வேலை செய்யுங்கள். மெயினை இறக்கிவிட்டு, மோட்டாரின் 1, 2, 3-ல் இருக்கும் மூன்று லைன் வயரையும் ஒவ்வொரு இடம் நகர்த்துங்கள்: 1-ல் இருந்தது 2-க்கு, 2-ல் இருந்தது 3-க்கு, 3-ல் இருந்தது 1-க்கு. மூன்றையும் நகர்த்தினால் சுற்றும் திசை மாறாது, இரண்டை மட்டும் மாற்றினால்தான் திரும்பும். மறுபடி ஓட்டி அளந்து பாருங்கள். அதிக ஆம்பியர் ஒய் லைனிலேயே நின்றால் கோளாறு சப்ளையில். ஒய்-யை விட்டு, மோட்டாரின் 2-ம் எண் வயரில் இப்போது மாட்டியிருக்கும் லைனுக்குப் போனால் கோளாறு காயிலில்.

சப்ளை என்று தெரிந்தால் இதையும் யோசியுங்கள். ஃபியூஸ் கட்டையிலோ கான்டாக்டரிலோ ஒரு ஃபேஸ் கான்டாக்ட் கருகியிருந்தால், அந்த ஃபேஸ் கலந்த இரண்டு அளவும் குறையும். உங்களுக்கு பி-ஆர் ஒன்று மட்டும் குறைந்திருக்கிறது. அதனால் ஆர்-க்கும் பி-க்கும் நடுவே யாரோ தனியாக லோடு இழுக்கிறார்கள். இரண்டு லைன் வெல்டிங் செட் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள்.

மொட்டைமாடி ஒர்க்‌ஷாப்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். 230 வாங்கி 230 த்ரீ ஃபேஸ் கொடுக்கும் டிரைவ் (வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் மாற்றித் தரும் எலக்ட்ரானிக் பெட்டி) ஒன்று வாங்கி, நம் ஊர் 2 ஹெச்பி மோட்டாரை ஓட்டுகிறேன். பிளேட்டில் 415 ஸ்டார், 3.5 ஆம்பியர். சுற்றுகிறது, ஆனால் கையால் அழுத்தினாலே நின்றுவிடுகிறது. டிரைவ் கோளாறா?

காயில்கடை:

டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். மோட்டார் இன்னும் ஸ்டாரிலேயே இருக்கிறது. 415 ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் 415-ஐ 1.73-ஆல் வகுத்து 240 வோல்ட் கிடைக்க வேண்டும். நீங்கள் 230 கொடுத்தால் காயிலுக்குக் கிடைப்பது 133. இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும் என்பதால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

டிரைவை ஆஃப் செய்து, டிஸ்ப்ளே அணைந்த பிறகும் சில நிமிடம் விட்டுவிட்டு டெர்மினல் பாக்ஸைத் திறங்கள். உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். போல்ட் மூன்று மூன்றாக இரண்டு வரிசை இருக்கும். இப்போது லிங்க் பட்டைகள் ஒரு வரிசையில் படுத்திருக்கும், அது ஸ்டார். மூன்று பட்டையையும் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நெட்டுக்குத்தாக மாட்டுங்கள், அது டெல்டா. மேலே டபிள்யூ2, யூ2, வி2, கீழே யூ1, வி1, டபிள்யூ1 என்று எழுத்து இந்த வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூ2-க்கு நேர் கீழே யூ1 வந்தால் காயிலே ஷார்ட் ஆகும்.

டெல்டாவில் ஆம்பியர் 3.5-ஐ 1.73-ஆல் பெருக்கி 6 ஆகும். டிரைவில் மோட்டார் ஆம்பியர் என்ற இடத்தில் 6, வோல்டேஜில் 230 என்று மாற்றுங்கள். டிரைவ் அந்த 6 ஆம்பியரைக் கொடுக்கும் சைஸ்தானா என்று பாருங்கள். சாதாரண டாங் டெஸ்டரால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே அளக்க வேண்டாம், தப்பாகக் காட்டும். டிரைவ் டிஸ்ப்ளேயில் வருவதை நம்புங்கள்.

இதைப் படித்துவிட்டு 5 ஹெச்பி, 7.5 ஹெச்பி மோட்டாருக்கும் இதையே செய்ய யாரும் கிளம்ப வேண்டாம். பிளேட்டில் 415 டெல்டா என்று இருந்தால் அதன் காயிலே 415-க்குச் சுற்றியது. லிங்கை எப்படி மாற்றினாலும் 230-க்கு வராது.

கணபதி லேத்:

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. வயர் மூன்றையும் நகர்த்தி ஓட்டினோம், அதிக ஆம்பியர் ஒய் லைனிலேயே நின்றது. எங்கள் ஷெட் மெயினிலிருந்தே பக்கத்து ஃபேப்ரிகேஷனுக்கு ஒரு லைன் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வெல்டிங் செட் ஆர்-க்கும் பி-க்கும்தான் கட்டியிருக்கிறது. கிரில் கேட் ஒன்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அளந்திருக்கிறேன். ராடு வைக்கும்போது பி-ஆர் இறங்குகிறது, எடுத்ததும் ஏறுகிறது, மீட்டரில் கண்ணெதிரே பார்த்தேன்.

அவர்களை நிறுத்தச் சொல்லி அளந்ததில்: ஆர்-ஒய் 419, ஒய்-பி 418, பி-ஆர் 415. ஆம்பியர் 2.5, 2.7, 2.4.

பெல்ட் மாட்டி மைல்ட் ஸ்டீலில் ஃபேஸ் மில் ஓட்டியபோது 3.6 வரை போனது. ரிலே 4.2. லோடு இல்லாமலே 2.5 என்றால் முழு ஆம்பியரில் பாதிக்கு மேல் வருகிறதே, சும்மா ஓடினாலே கரண்ட் பில் ஏறுமா?

காயில்கடை:

இப்போது கோணல் 7 சதவீதத்துக்குள் வந்துவிட்டது, நல்ல காயில். தைரியமாக ஓட்டுங்கள்.

2.5-க்குப் பயப்படாதீர்கள். இந்த சைஸ் நான்கு போல் மோட்டார் லோடு இல்லாமல் பிளேட் ஆம்பியரில் 40, 50 சதவீதம் எடுப்பது சாதாரணம். நான் சொன்ன 8 சதவீதக் கூடுதல் காந்தம் அதை 60-க்குக் கொண்டுபோயிருக்கிறது. அந்த 2.5-ல் பெரும்பகுதி காந்தம் ஏற்றப் போய்த் திரும்பி வரும் கரண்ட், பவர் ஃபேக்டர் (அதில் உண்மையில் பவராகச் செலவாகும் பங்கு) 0.15 அளவில்தான் இருக்கும். 1.73 × 415 × 2.5 × 0.15 போட்டால் 270 வாட் வரும். மீட்டர் ஓடுவது அந்த 270-க்குத்தான்.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. ஒன்று, ராத்திரி ஷிஃப்ட் ஓட்டினால் அப்போதும் ஒரு முறை லோடு இல்லாமல் அளந்துவிடுங்கள். 438 வந்தால் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் வகுத்த எண் 8.76, கூடுதல் 14 சதவீதம். இரும்பு நிறைந்துவிட்டால் ஆம்பியர் விறுவிறுவென்று ஏறும். 3-க்கு மேலேயே நின்றால் ஒரு டிரைவ் வாங்கி, மோட்டார் வோல்டேஜ் 460, ஹெர்ட்ஸ் 60 என்று பிளேட்டில் உள்ளபடியே போடுங்கள். டிரைவ் 415-ஐ எட்டும்போது 54 ஹெர்ட்ஸில் இருக்கும், காந்தம் கம்பெனி கணக்கிலேயே நிற்கும், வேகமும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று, வெல்டிங் ஓடும்போது கனமான கட் எடுக்காதீர்கள். 22 சதவீதக் கோணலில் ஒரு லைன் 4.2-ஐத் தாண்டும்போது மற்ற இரண்டும் 3.1 பக்கம்தான் நிற்கும், ஒரு வயரை மட்டும் பிடித்துப் பார்த்தால் தெரியாது. மூன்று ஃபேஸையும் பார்க்கும் ரிலேயாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள். ஸ்டார் மோட்டாரில் ஓடும்போது ஒரு ஃபேஸ் போனால் இரண்டு ஃபேஸ் காயில் கருகி ஒன்று மட்டும் புதிதாக நிற்கும். டெல்டாவில் ஒன்று கருகி இரண்டு நிற்கும். கடைக்கு வரும் மோட்டாரைத் திறந்ததுமே தெரிந்துவிடும், பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். முடிந்தால் அந்த வெல்டிங் செட்டுக்கு மெயினிலிருந்து தனி கேபிள் இழுக்கச் சொல்லுங்கள்.

கணபதி லேத்:

பிரிவென்டர் இன்றே வாங்கிவிடுகிறேன் அண்ணா. தனி கேபிளுக்கும் அவர்கள் சரி என்றுவிட்டார்கள். ராத்திரி அளவு எடுத்ததும் இங்கேயே போடுகிறேன்.